சோ கார் கரையில் தூங்கிப்போன அடுப்பு

லடாக்கின் ருப்ஷு மேட்டுநிலத்தில், ரும்ட்சேயிலிருந்து கோர்சோக்குக்கு நடக்கும் பாதையில் மூன்றாம் நாள் மாலை. செப்டம்பர் மாதத்தின் கடைசி வாரம். சோ கார் என்றால் வெள்ளை ஏரி என்று பொருள். கரையெங்கும் உப்புப் பூத்துக் கிடப்பதால் வந்த பெயர். அந்தக் கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,530 மீட்டர் உயரத்தில், கூடாரத்தின் வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு லிட்டர் தண்ணீர் கொதிப்பதற்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே தலைவலியோடு படுத்திருந்த நண்பருக்குச் சூடாக ஏதாவது கொடுத்தாக வேண்டும். தொடக்கத்தில் சீறிக்கொண்டு எரிந்த நீலச் சுடர், பத்து நிமிடத்தில் மாடத்து அகல்விளக்கின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தச் சிறு சுடரையும் ஏரியின் மேலிருந்து வந்த காற்று பாத்திரத்தின் அடியிலிருந்து பிடுங்கிப் பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தது. பாத்திரத்தின் கைப்பிடியில் இருந்த ரப்பர் உறை உருகி நாறியது. தண்ணீரோ, கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவில்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, அடுப்பின் அடியில் திருகியிருந்த கேனிஸ்டரை, அதாவது கேஸ் அடைத்த சிறு உலோக டப்பாவை, கழற்றிக் குலுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் திரவம் சளசளத்தது. அதன் அடிப்பகுதியில் வெண்மையாக உறைபனி படிந்திருந்தது. தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. எங்கள் குதிரைக்காரர் ஐம்பதைக் கடந்த லடாக்கியர், நாங்கள் அவரை மரியாதையாக ‘ஆச்சோ-லே’, அதாவது அண்ணா என்று அழைப்போம். அவர் அருகில் வந்து, கேனிஸ்டரை வாங்கிக் கையில் எடைபார்த்துவிட்டு, "கேஸ் தீரவில்லை சார், தூங்கிப்போயிருக்கிறது" என்று இந்தியில் சொன்னார். பிறகு தன் கெட்டிலிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு அலுமினியத் தட்டில் ஊற்றி, கேனிஸ்டரை அதற்குள் நிற்கவைத்து, சேணங்களை அடுக்கிய மறைவுக்குப் பின்னால் அடுப்பை நகர்த்தினார். இரண்டு நிமிடத்தில் சுடர் பழையபடி சீறியது.

அவருடைய சொந்த அடுப்பு இதில் எதையும் பொருட்படுத்தவில்லை. பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்றின் ஒரு பக்கத்தைத் தகரக் கத்தரியால் வெட்டி, அதற்குள் பித்தளைப் பம்ப் ஸ்டவ்வை உட்காரவைத்திருந்தார். வெட்டிய பக்கம் காற்றுக்கு முதுகு காட்டி நின்றது. அதன் இரைச்சலில் பேச்சே கேட்காது. கரி படிந்த அந்த டின்னைப் பார்த்தபோது, நான் விலை கொடுத்து வாங்கி, எழுபது கிராம்தான் என்று நண்பர்களிடம் பெருமையடித்த அடுப்பைக் குறித்துச் சற்று வெட்கமாக இருந்தது.

அந்த அடுப்பை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எடையைப் பார்த்தேன், ஒரு லிட்டர் தண்ணீர் எத்தனை நிமிடத்தில் கொதிக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன். கொதிக்கும் நேரம் என்பது காற்றில்லாத அறையில், மிதமான வெப்பநிலையில், புதுக் கேனிஸ்டரை மாட்டி அளந்த எண். குளிரும் காற்றும் உள்ள இடத்துக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அங்கே கேட்கவேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். எரிபொருள் எந்த வழியாகச் சுடருக்கு வந்துசேர்கிறது? காற்று எந்த வழியாகச் சுடருக்கு வந்துசேர்கிறது? கடையில் நின்றிருந்த அன்று இரண்டையும் நான் கேட்கவில்லை.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேனிஸ்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். அது உள்ளேயே கொதித்து ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தத்தால்தான் பர்னருக்கு வருகிறது. எனவே, வெளியே தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் உள்ளே எரிபொருள் கொதித்தாக வேண்டும். கடல் மட்டத்தில் சாதாரண பியூட்டேன் -0.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஐசோபியூட்டேன் ஏறத்தாழ -12 டிகிரியில். ப்ரோப்பேன் -42 டிகிரியில். ப்ரோப்பேனை மட்டுமே அடைத்துவிட்டால் குளிர்ப் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று தோன்றலாம். ஆனால் 20 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல எட்டு மடங்கைத் தாண்டும். அதைத் தாங்க வீட்டுச் சிலிண்டரைப்போல கனத்த எஃகு வேண்டும். முதுகுப்பையில் சுமக்கும் மெல்லிய கேனிஸ்டரில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் முப்பது சதவீதம் அளவில்தான் ப்ரோப்பேன் சேர்க்கிறார்கள். மீதியை ஐசோபியூட்டேனால் நிரப்பினால் நல்ல கேனிஸ்டர். விலை குறைந்த பியூட்டேனால் நிரப்பினால், சோ கார் கரையில் நான் குலுக்கிப் பார்த்த கேனிஸ்டர். அதன் பக்கவாட்டில் ‘பியூட்டேன்’ என்று தெளிவாகத்தான் அச்சிட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

இங்கே பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், தண்ணீரைப்போலவே எரிபொருளும் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் சோ கார் உயரத்தில் பியூட்டேன் -15 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். அன்று மாலை குளிர் அவ்வளவு இல்லை. பிறகு ஏன் தூங்கியது? ஆவியாகும் திரவம் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் கேனிஸ்டரின் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்வதால்தான். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். அடுப்பு எரிய எரியக் கேனிஸ்டர் வெளிக்காற்றைவிடப் பல டிகிரி கீழே இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, கலவைக் கேனிஸ்டரில் ப்ரோப்பேன்தான் முந்திக்கொண்டு ஆவியாகும். முதல் நாள் பிரமாதமாக எரியும். கடைசி நாளுக்கு, நாம் அதிகக் களைப்போடும் அதிக உயரத்திலும் இருக்கும் நாளுக்கு, மந்தமான மிச்சம்தான் கிடைக்கும்.

ரெகுலேட்டர் உள்ள பர்னரை வாங்கினால் குளிரிலும் எரியும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. ரெகுலேட்டர் நல்ல கருவிதான். வெயிலில் கிடந்த கேனிஸ்டரின் அதிக அழுத்தத்தை அடக்கி, அழுத்தம் குறையும்போதும் சுடரை ஓரளவு சீராக வைத்திருக்கும். ஆனால் இல்லாத அழுத்தத்தை அதனால் உண்டாக்க முடியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஆச்சோ-லே செய்த தட்டு வைத்தியத்தில்தான் விஷயம் இருக்கிறது. கொதிநீர் தேவையில்லை, கொதிநீர் ஊற்றுவது ஆபத்தும்கூட. ஓடையிலிருந்து எடுத்த ஐந்து டிகிரித் தண்ணீரே, -15 டிகிரியில் இருக்கும் கேனிஸ்டருக்கு வெந்நீர்தான். தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அது உறையத் தொடங்கும்போது மாற்றினால் போதும். இரவில் கேனிஸ்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு படுக்கலாம்; குளிர்ந்த உலோகத்தை வயிற்றோடு அணைத்துப் படுப்பது முதல் பத்து நிமிடம் கொடுமையாக இருக்கும், ஆனால் விடியற்காலைத் தேநீருக்கு அது கொடுக்கவேண்டிய விலை. லைட்டரையும் அதோடு வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதற்குள் இருப்பதும் பியூட்டேன் வகைதான். பர்னரோடு வரும் பொறிப் பொத்தானை அந்த உயரத்தில் நம்ப முடியாது. அந்தப் பயணத்தில் என்னிடமிருந்தவற்றில் ஒருமுறைகூட ஏமாற்றாத பொருள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துப்போன சிவகாசித் தீப்பெட்டி.

இவையெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. முறையான தீர்வு, எரிபொருளைக் கேனிஸ்டருக்குள் கொதிக்கவிடாமல் திரவமாகவே வெளியே கொண்டுவந்து, சுடருக்குப் பக்கத்தில் கொதிக்கவைப்பது. நம் வீடுகளில் கேஸ் தீரும் தறுவாயில், அடுத்த சிலிண்டர் வரும்வரை ஓட்டுவதற்காக, சிலிண்டரைப் படுக்கவைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அது ஆபத்தான பழக்கம், ஏனென்றால் ரெகுலேட்டருக்கும் குழாய்க்கும் பர்னருக்கும் திரவம் வரும் என்ற ஏற்பாடே அங்கே இல்லை. மலையேற்ற அடுப்புகளில் ஒரு வகை, இதே காரியத்தைப் பாதுகாப்பாகச் செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பர்னர் தன் சொந்தக் கால்களில் தரையை ஒட்டி நிற்கும்; வளையும் குழாய் ஒன்று அதைத் தள்ளியிருக்கும் கேனிஸ்டரோடு இணைக்கும்; அந்தக் குழாயின் கடைசிப் பகுதி பித்தளையாலோ எஃகாலோ ஆகி, சுடரைத் தொட்டுக்கொண்டு வளைந்து செல்லும். அந்த வளைவு சூடேறியபின் கேனிஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தால், திரவம் குழாய் வழியே வந்து, சுடரின் சூட்டில் அந்த வளைவுக்குள் ஆவியாகி எரியும். கேனிஸ்டர் குளிர்ந்து போவதும் இல்லை. ப்ரோப்பேன் முதலில் ஓடிவிடுவதும் இல்லை, ஏனென்றால் கலவை கலவையாகவே வெளியேறுகிறது. முதல் கிராமும் கடைசிக் கிராமும் ஒரே மாதிரி எரியும். நல்ல ஐசோபியூட்டேன்-ப்ரோப்பேன் கலவையோடு, -20 டிகிரியை ஒட்டிய குளிர் வரை இந்த முறையை நம்பலாம்.

கவிழ்ப்பதில் ஒரு கைப்பழக்கம் வேண்டும். கேனிஸ்டரை நேராக வைத்துச் சிறு சுடரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் எரியவிட்டு, குழாய் சூடேறியபின், வால்வைக் கொஞ்சம் அடைத்து, மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் ஆவியாகாத திரவம் பர்னரில் வழிந்து மஞ்சள் தீயாக ஒரு முழம் எழும்பும். எனக்கு ஒருமுறை புருவம் கருகியது. வால்வைத் திருகினால் சுடர் உடனே கேட்காது. குழாயில் இருக்கும் திரவம் தீர்ந்தபிறகே மாற்றம் தெரியும். அணைக்கும்போது கேனிஸ்டரை முதலில் நேராக நிமிர்த்தி, குழாயில் உள்ளது எரிந்து தீர்ந்தபின் மூட வேண்டும். பயணத்துக்கு முன்பே மொட்டை மாடியில் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டால், கையுறை போட்ட விரல்களுக்கும் அது பழகிவிடும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சூடேற்றும் வளைவு இல்லாத அடுப்பில் கேனிஸ்டரை ஒருபோதும் கவிழ்க்கக் கூடாது.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். குளிரைவிடக் காற்றுதான் பெரிய எதிரி என்பது என் அனுபவம். லடாக்கில் காலை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானபின் கிளம்பும் காற்று, நாம் கூடாரம் அடித்து அடுப்பைப் பற்றவைக்கும் பிற்பகலில்தான் உச்சத்தில் வீசும். காற்று சுடரைப் பாத்திரத்துக்கு வெளியே தள்ளுகிறது. பாத்திரம் வாங்கிய சூட்டையும் அதன் பக்கங்களிலிருந்து துடைத்துக்கொண்டு போகிறது. எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஒரு சூட்டில் நின்றுவிடும். ஊர் திரும்பியபின் மொட்டை மாடியில் டேபிள் ஃபேனை இரண்டடி தூரத்தில் வைத்து இதைச் சோதித்துப் பார்த்தேன். கேனிஸ்டரின் தலையில் திருகி மாட்டும் என் சாதாரண பர்னர், ஃபேனின் இரண்டாம் வேகத்தில் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே இல்லை. சமையலறைத் தராசில் கேனிஸ்டரை நிறுத்துப் பார்த்தபோது, காற்றில்லாமல் ஒரு லிட்டர் கொதிக்க ஆனதைவிட அதிகமான கேஸ் அதற்குள் வீணாகியிருந்தது. மாடியில் வடகம் காயவைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மா, ஃபேன் போட்டு வெந்நீர் வைக்கும் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே போனார்.

சாதாரண பர்னர் தனக்கு வேண்டிய காற்றில் ஒரு பகுதியை அடியில் கேஸோடு கலந்துகொள்கிறது. மீதியைச் சுடரைச் சுற்றியுள்ள வெளியிலிருந்து இழுக்கிறது. அந்தத் திறந்த இடத்தில்தான் வெளிக்காற்று நுழைந்து கலைக்கிறது. எம்எஸ்ஆர் நிறுவனத்தின் ரியாக்டர், விண்ட்பர்னர் போன்ற அடுப்புகள் இதை அடியோடு மாற்றின. எரிவதற்கு வேண்டிய காற்று முழுவதையும் அவை கேஸோடு முன்கூட்டியே கலந்துவிடுகின்றன; சுடர் என்று தனியாக எதுவும் எழாமல், உலோக வலை ஒன்று தணலைப்போலச் சிவந்து ஒளிர்கிறது; பாத்திரம் அதன்மேல் மூடியைப்போல உட்கார்ந்துகொள்கிறது. பெரும் காற்றிலும் இவை அணைவதில்லை. காற்று மட்டுமே பிரச்சினை என்றால் இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை. ஆனால் இவை கேனிஸ்டரை நேராக வைத்து ஆவியை எடுக்கும் அடுப்புகள். முதல் கேள்விக்கு இவற்றிடம் முழுப் பதில் கிடையாது. தனக்கென்று செய்த பாத்திரத்தைத் தவிர வேறு எதையும் ஏற்பதும் இல்லை.

சோட்டோ நிறுவனத்தின் விண்ட்மாஸ்டர் பர்னர் எளிய வழியில் போகிறது. பர்னரின் முகத்தைக் குழித்து, ஓரத்தை வரப்பைப்போல உயர்த்தி, பாத்திரத்தை அதற்கு மிக அருகில் உட்காரவைக்கிறது. எழுபது கிராமுக்குள் இவ்வளவு காற்றைத் தாங்குவது பெரிய விஷயம். கேனிஸ்டரின் தலையில் மாட்டும் பர்னரைத்தான் எடுத்துப்போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மற்ற எல்லாவற்றுக்கும் காற்றுத் தடுப்புத் தகடு வேண்டும். இங்கேதான் எடை குறைந்த அடுப்பு வைத்திருப்பவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். கேனிஸ்டர் அடியிலும் பர்னர் மேலேயும் இருக்கும் அடுப்பைச் சுற்றித் தகட்டை முழுவதுமாக வளைத்தால், சூடு திரும்பி வந்து கேனிஸ்டரைத் தாக்கும், அது வெடித்துவிடக்கூடும். மூன்று பக்கம் மட்டும் மறைத்து, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அடிக்கடி கேனிஸ்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; கை வைக்க முடியாத சூடு வந்துவிட்டால் தகட்டை உடனே எடுத்துவிட வேண்டும். கேனிஸ்டர் தள்ளியிருக்கும் அடுப்புக்கு இந்தக் கவலையே இல்லை. பர்னரையும் பாத்திரத்தையும் அலுமினியத் தகட்டால் நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளலாம். அடியில் காற்று நுழைய விரற்கடை இடைவெளி விட்டால் போதும். இந்த வகையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் குளிரைவிட இதுவே முக்கியக் காரணம். ஆச்சோ-லேயின் எண்ணெய் டின் செய்த வேலையும் இதுதான்.

ஸ்பிரிட் அடுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வீடனின் டிராங்கியா 1951-இல் கொண்டுவந்த புயல் அடுப்பு, காற்றுத் தடுப்பையே அடுப்பின் உடலாக ஆக்கிய அழகான வேலை. காற்றடிக்கும் பக்கம் அதன் துளைகளைத் திருப்பிவைத்தால் இன்னும் நன்றாக எரியும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாததால் பழுதாக வழியே இல்லை. ஆனால் ஒரு கிராம் ஸ்பிரிட் தரும் வெப்பம், ஒரு கிராம் கேஸ் தருவதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். கடுங்குளிரில் பற்றிக்கொள்ளவும் முரண்டுபிடிக்கும். பனியை உருக்கிக் குடிக்கவேண்டிய இடத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன்.

பனியை உருக்குவது என்பதை வெறும் கூடுதல் வேலையாக நினைத்துவிடக் கூடாது. கணக்கே மாறிவிடும். ஒரு கிலோ பனிக்கட்டியை 0 டிகிரியிலேயே வைத்துத் தண்ணீராக்குவதற்கு மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தால் அந்தத் தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். ஆக, ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பம் பனிக்குத் தேவை. அடுப்பு தரும் வெப்பத்தில் பாதி பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஓடைத் தண்ணீருக்கு லிட்டருக்குப் பதினைந்து கிராம் கேஸ் ஆகும். -10 டிகிரிப் பனிக்கு முப்பது கிராம் ஆகும். 230 கிராம் கேனிஸ்டர் ஒன்று பனியிலிருந்து எட்டு லிட்டரைத் தாண்டாது. இரண்டு பேருக்கு அது ஒரு நாள் கணக்கு. ஆறு நாள் பனியில் நடப்பவர்கள் கேனிஸ்டர்களாகவே சுமக்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன.

1892-இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் பிள்ளைகள்தாம் நம் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வும், இன்று மலைக்கென்று விற்கும் திரவ எரிபொருள் அடுப்புகளும். எரிபொருளின் ஆவியழுத்தத்தை நம்பாமல், மனிதக் கை பம்ப் அடித்துக் கொடுக்கும் அழுத்தத்தை நம்பியதுதான் இதன் சூட்சுமம். வெளியே -30 டிகிரியாக இருந்தாலும் கைக்கு அது பொருட்டில்லை. நார்வேயின் அமுண்ட்சென் தென் துருவத்துக்கு எடுத்துப்போனதும், 1953-இல் எவரெஸ்ட்டின் மேல் முகாமில் டென்சிங்கும் ஹிலாரியும் பனியை உருக்கியதும் இந்த வகை அடுப்பில்தான். அதே சமயம் இந்த வகையின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதற்கும் துருவத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பிரிட்டனின் ஸ்காட்டின் குழு தங்கள் கிடங்குகளில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டது. டின்களின் மூடியில் இருந்த தோல் வாஷர்கள் குளிரில் இறுக்கம் இழந்து எண்ணெய் கசிந்து ஆவியானதே காரணம் என்று கருதப்படுகிறது. அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தார்.

எங்கள் வீட்டில் 1990-கள் வரை பம்ப் ஸ்டவ் இருந்தது. ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெய், கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட், நாஸிலைக் குத்த மெல்லிய தகட்டில் பொருத்திய ஸ்டவ் பின், அந்தப் பின் எங்கே என்று தினமும் எழும் கூச்சல். மலைக்கென்று விற்கும் அடுப்பை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எதையும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தில் எரியவிட்டு பர்னருக்கு முன்சூடு காட்டும்போது தீ எழும்பும். எனவே கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜெட், அதாவது எரிபொருள் பீறிடும் துளை, வேறு. பல அடுப்புகளில் அதை மாற்றிப் போட வேண்டும். கடுங்குளிரில் இருக்கும் பெட்ரோல் விரலில் பட்டால், அது ஆவியாகும் வேகத்தில் தோல் உறைந்து புண்ணாகிவிடும். அது மட்டும் எங்கள் சமையலறை கற்றுத்தராத பாடம்.

இந்தியாவில் மலையேறுபவருக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கேஸ் கேனிஸ்டரைக் கைப்பையிலும் சரி, சரக்குப் பையிலும் சரி, விமானத்தில் கொண்டுபோக முடியாது. லடாக்கின் லே நகரில் இறங்கிய பிறகு, கடைகளில் என்ன கிடைக்கிறதோ அதுதான். சில சமயம் நல்ல கலவை. சில சமயம் பியூட்டேன் மட்டும். பெட்ரோலோ அங்கே எளிதாகக் கிடைக்கும். திருகு வால்வு கேனிஸ்டரையும் திரவ எரிபொருளையும் ஒரே அடுப்பில் எரிக்கும் வகைகள் உண்டு. விலையும் எடையும் கூடுதல், ஆனால் கடையைக் கெஞ்சவேண்டிய நிலை இல்லை.

சமைப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். சிறு தீயில் வைத்துச் சமைக்கும் வசதியை ஒப்பிட்டு அடுப்பு வாங்குகிறார்கள். 85 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரில் நம் பருப்பு அங்கே லேசில் வேகாது, குக்கர் இல்லாமல். கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் ஊறிவிடும் அவல், சேமியா, வறுத்த ரவை இவைதான் என் சாப்பாடு. எனவே அடுப்புக்கு ஒரே வேலை: தண்ணீரைக் கொதிக்கவைப்பது.

காற்றுக்குப் பயந்து அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் அன்று வந்தது. பனி நிறைந்த குளிர்ந்த பாத்திரத்தில் மோதும் சுடர் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடை விடுகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாக இருக்கும் உயரத்தில், தலைவலி மலையால் வந்ததா அடுப்பால் வந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. முன்வாசல் மறைப்பின் இரு பக்கமும் திறந்திருந்தால் மட்டுமே நான் அங்கே எரிக்கிறேன். அதற்கு வழியில்லாத இரவில் குளிர்ந்த அவலைத் தின்றுவிட்டுப் படுக்கலாம்.

இப்போது என்னிடம் இருப்பது, கால்கள் விரியும், 170 கிராம் அளவுள்ள, கேனிஸ்டர் தள்ளியிருக்கும் கோவியா ஸ்பைடர். அதோடு, மடித்தால் உள்ளங்கையளவாகும் அலுமினியத் தகடு. ஏப்ரல் முதல் அக்டோபர்வரை, ஓடைத் தண்ணீர் கிடைக்கும் பாதைகளுக்கு இதைவிட வேறு தேவைப்படவில்லை. மறுவருடம் அதே ஏரிக்கரையில், அதே மாலைக் காற்றில், தலைகீழாய்க் கவிழ்ந்த கேனிஸ்டரோடு இது எரிந்தது. ஆச்சோ-லே குனிந்து அந்தச் சூடேற்றும் வளைவைப் பார்த்துவிட்டு, "இது என் ஸ்டவ்தான், பம்ப் மட்டும் இல்லை" என்றார். பனியை உருக்கவேண்டிய நீண்ட பயணத்துக்கு இது போதாது என்பது எனக்குத் தெரியும். அதற்கென்று பழைய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை வாங்கிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

அதன் பம்ப்பில் இருப்பது தோல் வாஷர். காய்ந்து சுருங்கியிருந்ததால் எண்ணெயில் ஊறவைக்கவேண்டியிருந்தது. அம்மா வழக்கம்போலத் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். அவர் ஆயுள் முழுக்க அதைத்தான் போட்டிருக்கிறார்; எங்கள் ஊர் வெயிலுக்கு அது சரி. ஆனால் தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். பிப்ரவரி மாத லடாக்கில் வாஷர் பம்ப்புக்குள் மெழுகு தடவிய மரக்கட்டையாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியைத் தேடி எடுத்து, நான்கு சொட்டு விட்டு ஊறவைத்தேன். இரண்டு நாளில் தோல் மெத்தென்று விரிந்துவிட்டது. அடுத்து அதை ஓரிரவு ஃப்ரீசரில் போட்டுவைத்து, காலையில் பம்ப் அடித்துப் பார்க்க வேண்டும்.